இருபுறமும் ஏழு

எங்கள் அச்சகத்தில் படி அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் ஏதோ ஒரு பெயர் இருந்தது, அது எனக்கே மறந்துவிட்டது. கணக்குப் பாடப் புத்தகத்தில் கேள்வி மட்டும்தானே இருக்கும்? அதற்கு விடை வரும் வழியை வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே காரணம் போட்டு, கைடு என்று அச்சிட்டு விற்கிறவர்கள் நாங்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு கைடு முழுவதையும் எழுதியவள் அக்கா ஒருத்திதான். அவள் கையால் எழுதித் தருவாள், நான் கணினியில் அடிப்பேன். எங்கள் இரண்டு பேர் மேஜைக்கும் நடுவில் ஒரு மின்விசிறி, அதன் காற்றுக்காக நாங்கள் போட்ட சண்டையை எழுதினால் அது தனி கைடு.

அக்கா ஒரு படியைக்கூட விடமாட்டாள். x + 5 = 9 என்று பார்த்ததும் x = 4 என்று எழுத நமக்குக் கை துறுதுறுக்கும். அவள் விடுவாளா! ‘இருபுறமும் 5-ஐக் கழிக்க’ என்று வலது ஓரத்தில் காரணம், கீழே x + 5 − 5 = 9 − 5 என்று ஒரு வரி, அதற்குக் கீழேதான் விடை. அடித்து அடித்து எனக்கு விரல் கடுக்கும்.

“அக்கா, இதெல்லாம் தூங்குற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு வரியைக் குறைங்களேன்.”

“தெரிஞ்ச குழந்தை தாண்டிப் போகட்டும்டி. தெரியாததுக்கு யாரு இருக்கா?”

அவள் படித்த காலத்துப் புத்தகத்தில் ‘சுருக்கினால் கிடைப்பது’ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு மூன்று வரியைத் தாண்டிக் குதித்திருந்தார்களாம். எழுந்து கேட்கப் பயம். கேட்காமலே விட்டு, அந்த வருஷம் கணக்கில் தோற்று, மறு வருஷம் சொந்தத் தங்கையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாள். இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்ததும் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே மகள். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள், வாயாடி என்றால் சரியாக இருக்கும். அப்பா வெளியூர் பஸ் ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாளைவிட இல்லாத நாள் அதிகம். அம்மாவோ வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து எழுதிக்கொண்டிருப்பாள். “அம்மா, இந்தக் கணக்கு வரல” என்று பிள்ளை வந்து நின்றால், “நூத்தி நாப்பதாம் பக்கம் பாருடா கண்ணு, அம்மா தெளிவா எழுதியிருக்கேன்” என்பாள். ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் படி படியாகச் சொல்லிக் கொடுத்தவள் தன் பிள்ளைக்குப் பக்க எண்ணைச் சொன்னாள். நானும்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். வாலுவோ புகார் சொல்லவே இல்லை. அம்மா எழுதிய புத்தகம் என்று அவளுக்கு ஒரே பெருமை. அட்டை போட்டு, அட்டைமேல் இன்னொரு அட்டை போட்டு வைத்திருந்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. வினை ஒரு திங்கட்கிழமை காலையில், முதலாளி கையில் ஒரு மெல்லிய புத்தகமாக வந்தது.

“டீச்சரம்மா, இதைப் பாருங்க” என்று அக்காவின் மேஜைமேல் அதை வீசினார். அக்கா ஒரு நாள்கூட டீச்சராக இருந்ததில்லை, அவர் அப்படித்தான் கூப்பிடுவார். “எவனோ நம்ம கைடை அப்படியே அடிச்சிருக்கான். ஈயடிச்சான் காப்பி! கேட்டா, கணக்குன்னா எல்லாருக்கும் ஒரே வழிதானேங்கிறான்.”

புரட்டிப் பார்த்தோம். அக்காவின் வரிகள், அக்காவின் காரணங்கள், நான் தப்பாக விட்ட ஒரு இடைவெளிகூட அப்படியே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். “அடுத்த பதிப்புல ஒரே ஒரு கணக்குல தப்பா ஒரு படி வைங்க. யாருக்கும் தோணாத தப்பு. அவன் அதையும் அடிப்பான், கையும் களவுமா பிடிச்சுடலாம்.”

அக்கா முகம் சிவந்தது. “தப்பை எழுத மாட்டேன். பிள்ளைங்க படிக்கிற புக்குங்க அது.”

மூன்று நாள் இழுபறி. கடைசியில் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். தப்பு இல்லை, ஆனால் தேவையும் இல்லாத ஒரு படி. சமன்பாட்டில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டினால் விடை மாறாது. யாரும் வேலை மெனக்கெட்டு அப்படிக் கூட்டமாட்டார்கள், அவ்வளவுதான். அதற்காக அவள் தேர்ந்தெடுத்தது தொட்டிக் கணக்கு. பெரிய தொட்டியில் சின்னத் தொட்டியைப் போல மூன்று மடங்கு தண்ணீர், இரண்டிலும் பன்னிரண்டு லிட்டர் ஊற்றினால் இரண்டு மடங்கு ஆகிறது, சின்னத் தொட்டியில் முதலில் எவ்வளவு? பயிற்சியின் கடைசிக் கணக்கு. பதினோரு வருஷமாகப் பொதுத்தேர்வில் வராதது. அக்கா பழைய கேள்வித்தாள்களை எல்லாம் எடுத்து வைத்துச் சரிபார்த்தாள்.

3x + 12 = 2(x + 12). அடுத்த வரி, 3x + 12 = 2x + 24. அங்கே பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“ஒரு எண் சொல்லுடி.”

“ஏழு” என்றேன். ஏன் ஏழு? வாயில் வந்தது, சொன்னேன்.

‘இருபுறமும் 7-ஐக் கூட்ட’ என்று வலது ஓரத்தில் எழுதினாள். 3x + 19 = 2x + 31. பிறகு வழக்கம்போலக் கழித்து, x = 12. விடை சரி. இரண்டு தொட்டியிலும் எங்கிருந்தோ ஏழு லிட்டரைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறோம் என்று நான்தான் கேலி செய்தேன். அக்கா சிரிக்கவில்லை. அடித்து முடிக்கும்வரை என் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

எட்டு மாதத்தில் எலி பொறியில் விழுந்தது. திருட்டு கைடின் புதுப் பதிப்பில் அதே பக்கம், அதே ஏழு. முதலாளி வக்கீலிடம் ஓடினார், வழக்குப் போட்டார், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்கா அன்றைக்கே கேட்டாள். “பிடிச்சாச்சுல்ல? அந்தப் படியை எடுத்துடலாம்.”

“கேஸ் முடியட்டும் டீச்சரம்மா. அதுவரைக்கும் அந்தப் பக்கத்துல யாரும் கை வைக்கக் கூடாது.”

அடுத்த மாதம் கேட்டாள். அதற்கடுத்த மாதமும் கேட்டாள். வழக்கு நத்தையாக நகர்ந்தது, பொதுத்தேர்வு குதிரையாக வந்தது. வாலுவுக்கும் அந்த வருஷம்தான் பொதுத்தேர்வு. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பாதி வருஷத்தில் மாற்றலாகிப் போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை. ஆளுக்கொரு கைடை வாங்கி ஒப்பித்துவிடுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். சிலர் எங்கள் கைடை வாங்கினார்கள், சிலர் திருட்டுக் கைடை. எதை வாங்கினால் என்ன? இரண்டிலும் ஏழு இருந்தது. இதை அக்கா என்னிடம் வந்து சொன்னாள். “வராதுக்கா. பதினோரு வருஷமா வராத கணக்கு இப்பவா வரப்போகுது?” என்றேன். என் நாக்கில் என்ன இருந்ததோ!

வந்தது. ஐந்து மதிப்பெண் கேள்வி.

தேர்வு முடிந்த பகல், வாலு நேராக அச்சகத்துக்கே ஓடி வந்தாள். “அம்மா! உன் தொட்டிக் கணக்கு வந்துச்சு! கண்ணை மூடிட்டு எழுதிட்டேன்!”

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “எப்படி எழுதினே?”

“புக்குல இருக்கிற மாதிரியேதான். எல்லாப் படியும். ஏழு கூட்டறதைக்கூட விடல.”

அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். விடை சரிதானே, மதிப்பெண் வந்துவிடும், இதற்குப் போய் ஏன் கவலை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். தேவையில்லாத படிக்கு மதிப்பெண் குறைப்பார்களா என்று மட்டும்தான் யோசித்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான் போயிற்று.

தேர்வு முடிவு வந்த அன்று வாலு படித்த அந்த ஒரு பள்ளிக்கூடத்தின் நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு மட்டும் முடிவு இல்லை. ‘நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. விடைத்தாளில் அடையாளக் குறி இட்ட புகார். அதைப் படித்ததும்தான் விஷயம் எங்கள் மண்டையில் ஏறியது. திருத்துகிறவருக்குக் கையூட்டுக் கொடுத்தவர்கள், இது நம் பிள்ளையின் தாள் என்று அவருக்குத் தெரிவதற்காக ஒரு குறி போட்டு வைப்பார்கள். ஒரு நட்சத்திரம், ஒரு கோடு, ஒரு தேவையற்ற சொல். வாத்தியார் இருந்த பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அவர் சொல்லிக் கொடுத்தபடி போட்டுவிட்டார்கள், இங்கேதான் கைடை மட்டும் நம்பினார்கள். நாற்பத்து மூன்று தாள்களில், ஒரே இடத்தில், கேள்வியில் எங்குமே இல்லாத ஏழு. அதைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நிரூபணமானால் மூன்று வருஷம் எந்தத் தேர்வும் எழுத முடியாது என்று கடிதத்தின் அடியில் தடித்த எழுத்தில் இருந்தது. தேர்வு அறையில் மேற்பார்வை பார்த்த டீச்சரை அதற்குள் வேலையிலிருந்து நிறுத்தியே விட்டார்கள்.

“கைடைக் கொண்டுபோய்க் காட்டினா முடிஞ்சுது” என்றேன் நான்.

“ரெண்டு அப்பா அம்மா காட்டிட்டாங்களாம்டி” என்றாள் அக்கா. “அது இன்னும் மோசமாப் போச்சு. அப்போ புக்கு வழியாவே குறியைப் பரப்பியிருக்கீங்கன்னு சொல்றாங்க.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

முதலாளி அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “அச்சுப்பிழைன்னு சொல்லிடுங்க. பொறி வெச்சோம்னு வாயைத் திறந்தீங்க, நம்ம கைடை எந்தப் பள்ளிக்கூடமும் வாசல்ல சேர்க்காது. வேணும்னே வெச்சோம்னு தெரிஞ்சா எதிர் வக்கீல் அதையே பிடிச்சுக்குவான், கேஸும் போச்சு. இத்தனை வருஷம் சோறு போட்ட இடம் டீச்சரம்மா.”

“ஓரத்துல காரணத்தோட யாராவது அச்சுப்பிழை விடுவாங்களா?” என்று அக்கா கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

விசாரணை ஒரு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீளமான நடை, சுவரோரம் பெஞ்சுகள், பெஞ்சு முழுக்கப் பிள்ளைகளும் அப்பா அம்மாக்களும். பெஞ்சின் கோடியில் அந்த மேற்பார்வை டீச்சர் மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு பிள்ளை அழுதுகொண்டே வெளியே வந்தது, அடுத்த பிள்ளை உள்ளே போனது. வாலுவின் முறை வந்தபோது அக்கா என் கையையும் பிடித்து இழுத்தாள். வாசலில் நின்றவரிடம், “இவ என் தங்கச்சி” என்றாள்.

உள்ளே மூன்று பேர். தலைமை தாங்கிய அம்மாள், ஒரு கணக்கு வாத்தியார், எழுத்தர்.

“பயப்படாதம்மா. உண்மையைச் சொன்னா ஒண்ணும் ஆகாது” என்றார் அந்த அம்மாள். இப்படிச் சொல்லிவிட்டுத்தான் உலகத்தில் எல்லாமே ஆகிறது.

வாத்தியார் விடைத்தாளைத் திருப்பிக் காட்டினார். “இந்த ஏழு லிட்டர் எங்கிருந்து வந்துச்சு?”

“படி சார் அது.”

“யார் இதை எழுதச் சொன்னது?”

“யாரும் சொல்லல. புக்குல இருக்கு.”

அவர் பெருமூச்சு விட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். “நான் ஒரு கணக்கு சொல்றேன், போடு. பெரிய அலமாரியில சின்ன அலமாரியைப் போல நாலு மடங்கு புத்தகம். ரெண்டுலயும் பதினாறு புத்தகம் வெச்சா ரெண்டு மடங்கு ஆகுது. சின்னதுல முதல்ல எத்தனை இருந்துச்சு?”

வாலு எழுதத் தொடங்கினாள். அக்காவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. 4x + 16 = 2(x + 16). சரி. 4x + 16 = 2x + 32. சரி. இப்படியே இறங்கிப் போடி என் ராசாத்தி, நேராகக் கழித்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு வலது ஓரத்துக்குப் போய், அம்மா எழுதுவது போலவே சாய்வாக எழுதினாள், ‘இருபுறமும் 7-ஐக் கூட்ட’.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். “இங்கயும் ஏழா? ஏன்மா?”

வாலு அவரை அதிசயமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. “ரெண்டு பக்கமும் x இருந்தா முதல்ல ஏழு கூட்டணும் சார். அப்புறம்தான் கழிக்கணும்.”

“கூட்டலேன்னா?”

“விடை வராது சார்.”

“கூட்டாம ஒரு தடவை போட்டுப் பாரேன்.”

போட்டாள். 2x = 16. x = 8. மேலே ஏழு கூட்டிப் போட்டதையும் முடித்துப் பார்த்தாள். அதுவும் எட்டு. இரண்டு எட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தாளைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, வாத்தியாரைப் பார்க்காமல், தன் அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, அப்போ அது எதுக்கு?”

அக்கா எழுந்துவிட்டாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. “எதுக்குமில்லடா. எதுக்குமே இல்ல.” அந்த மூன்று பேரிடம் திரும்பினாள். “இந்த கைடை எழுதினது நான். திருடனைப் பிடிக்க வெச்ச பொறி அது. பிள்ளைங்க யாரும் எந்தக் குறியும் போடல. நான் எழுதினதை நம்பினாங்க, அது ஒண்ணுதான் அவங்க செஞ்சது.” முதலாளி கேட்டது, தான் மறுத்தது, பிறகு ஒப்புக்கொண்டது, எடுக்கச் சொல்லிக் கெஞ்சியது, ஒன்றையும் தாண்டாமல் வரிசையாகச் சொன்னாள். எழுத்தர் எழுதிக்கொண்டே வந்தார். எண் ஏன் ஏழு என்று கேட்டபோது நான் எழுந்து, “அது நான் சொன்னது” என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் பெருமைப்படாத ஒரு தைரியம் அது.

“இந்தப் பொண்ணு இப்ப எழுதினதே போதும்” என்றார் வாத்தியார் அந்த அம்மாளிடம். “குறி போடுறவ வேற கணக்குல எதுக்குப் போடப்போறா? இதை விதின்னு நம்பியிருக்கா. மத்தவங்ககிட்டயும் இதே கணக்கைக் கொடுத்துப் பார்த்துடலாம்.”

பார்த்தார்கள். நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தொரு பேர் அலமாரியிலும் ஏழைக் கூட்டினார்களாம். இரண்டு வாரத்தில் எல்லோருடைய முடிவும் வந்தது, அந்த டீச்சருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. வாலு நல்ல மதிப்பெண்தான். முதலாளி விசாரணை நடந்த அன்று மாலையே அக்காவின் மேஜையைக் காலி செய்யச் சொன்னார். என்னை வைத்துக்கொண்டார், அடிக்க ஆள் வேண்டுமே. நான் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். காறித் துப்புகிறவர்கள் துப்பலாம்.

ஆனால் விசாரணை முடிந்து கீழே இறங்கி வந்தபோது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் நின்றோம். வாலு எங்களைவிட்டு நான்கு அடி தள்ளி நின்றாள்.

கடைசியில் கேட்டாள். “வேற எந்தப் பக்கத்துல எல்லாம் இப்படி எழுதியிருக்கே?”

“அது ஒண்ணுதான்டா கண்ணு. சத்தியமா ஒண்ணுதான்.”

“நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?”

பஸ் வந்தது, ஏறினோம். வாலு முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூட விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் இப்போது வாலுதான் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா எழுதிய கைடுகள் ஆறாம் வகுப்பிலிருந்து அடுக்கி வைத்திருந்தாள். விடையை ஒரு தாளால் மூடி, கணக்கைத் தானே போட்டு, பிறகு தாளை ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கி, அம்மாவின் படியையும் காரணத்தையும் உரசிப் பார்க்கிறாள். சரியாக இருந்தால் சிவப்புப் பேனாவால் ஒரு சின்ன டிக். பக்கத்துக்குப் பக்கம் டிக்.

அக்கா சமையலறை வாசலில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். விடைத்தாள் திருத்துகிற மேஜைக்கு முன்னால் நிற்கிற பிள்ளையைப் போல நின்றாள். கிட்டே போகவில்லை.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. “என்னடி இன்ஸ்பெக்டர், உங்கம்மா எத்தனை தப்பு?” என்றேன்.

“இன்னும் ஒண்ணும் கிடைக்கல சித்தி” என்றாள் தலையைத் தூக்காமலே, அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டு.

அக்கா டம்ளரை மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.